சிவப்புப் பாறையை வலம் வந்தது

லண்டன் மோர்டனில் தினமும் பார்க்கைச் சுற்றி நடப்பவர்களுக்குப் பாலைவனம் என்பது புல் இல்லாத பார்க், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அமெரிக்காவின் சிவப்புப் பாறைகளைப் பார்க்க வேண்டும் என்பது அத்தானின் ஆசை. வசந்த காலத்தில் அவருடைய இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் எதைக் கேட்டாலும் அக்கா மறுப்பதில்லை. ஒக்டோபரில் மூவரும் லண்டனில் விமானம் ஏறினோம். ஐம்பத்து மூன்று வயதில், முழங்காலில் ஒரு பட்டியோடு, நான்தான் வழிகாட்டி. ஹோட்டல் அறையில் இரண்டு மணி நேரம் போனைப் பார்த்திருந்தேன், அதுதான் என் தகுதி.

பாதை சின்னது. கார் நிறுத்துமிடத்தில் தொடங்கி, நடுவில் நிற்கும் பெரிய பாறையைச் சுற்றி, அதே இடத்துக்குத் திரும்பும். இரண்டு மைல்கூட இல்லை. தொடக்கத்தில் ஒரு பலகை. அம்புக்குறி வலது பக்கம் காட்டியது. முதலில் செங்குத்தான பாறைச் சரிவில் ஏறி, பிறகு மறுபக்கத்து மணல் பாதையால் இறங்கி வர வேண்டும். எதிர்த்திசையில் வந்து சரிவில் இறங்குவது ஆபத்து என்று எழுதியிருந்தது.

அக்கா பலகையைப் பார்க்கவில்லை. பாறையைப் பார்த்தாள். அது நிமிர்ந்து, உச்சி உருண்டு, சிவலிங்கம் போலவே நின்றது. கைகூப்பிக் கும்பிட்டாள்.

"இந்தப் பக்கத்தால போனால் சாமி எங்கட இடப்பக்கமெல்லோ வரும்? அப்பிடி ஆர் சுத்துறது? மற்றப் பக்கத்தால வலமாப் போவம்."

"அம்பு இஞ்சாலதான் காட்டுது அக்கா."

"அம்பு போட்டவன் எந்தக் கோயிலைக் கண்டவன்?"

"உன்ரை அக்காவைக் கதைச்சு வெல்ல ஏலாது மச்சான். நட," என்றார் அத்தான்.

ஆபத்து என்ற வரியை நான் அவர்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. அக்காவோடு வாதாடுவதைவிடப் பாறையில் இறங்குவது சுலபமாகத்தான் இருக்கும் என்று என் ஐம்பது வருட அனுபவம் சொன்னது.

மணல் கால்களை உள்ளே இழுத்தது. ஒக்டோபர் என்று நம்பிப் போன எங்களுக்கு அங்கே சித்திரை மாத வெயில். வழியில் ஒரு மனிதரைக்கூடக் காணவில்லை. அத்தான் முதலில் பகிடி விட்டு, தானே சிரித்துக்கொண்டு வந்தார். பிறகு தலையாட்டினார். பிறகு அதுவும் இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்குப் பின் சரிவின் உச்சிக்கு வந்து சேர்ந்தோம். காலடியில் இரண்டு மாடி உயரத்துக்கு வழுவழுப்பான பாறை. அதற்குக் கீழே, கூப்பிடு தூரத்தில், எங்கள் வாடகைக் கார்.

அத்தான் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் இறுக்கமாக் கிடக்கு," என்று நெஞ்சைத் தடவினார்.

"இஞ்சேருங்கோ, ஸ்பிரேயை எடுங்கோ."

நெஞ்சு இறுகினால் நாக்குக்குக் கீழே அடிக்கிற மருந்து அது. அத்தான் சட்டைப் பையைத் தடவினார். காற்சட்டைப் பையைத் தடவினார்.

"ஜக்கெட்டுக்குள்ள கிடக்கு."

"ஜக்கெட் எங்கை?"

"வெக்கையெண்டு காருக்குள்ள கழட்டிப் போட்டனான்."

போனில் சிக்னல் இல்லை. அத்தானின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. கார்ச் சாவி என்னிடம்.

"போறன் அக்கா," என்றேன்.

"மெல்லப் போடா. இல்லை, கெதியாப் போ. ஐயோ, விழுந்திடாதை."

மூன்று கட்டளைகளையும் ஒரே நேரத்தில் நிறைவேற்றினேன். பாறையில் உட்கார்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றி, பின்புறத்தாலேயே இறங்கினேன். பாதி வழியில் கால் வைக்க எதுவும் அகப்படவில்லை. கீழே பார்த்தேன், தலை சுற்றியது. மேலே பார்த்தேன், அக்காவின் முந்தானை மட்டும் காற்றில் ஆடியது. எவ்வளவு நேரம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தேனோ தெரியாது. மேலிருந்து அக்கா அத்தானைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. அவள் அவர் பெயரைச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. கையை விட்டேன்.

மிச்சத்தைச் சறுக்கிக் கடந்தேன். காற்சட்டையின் பின்பக்கமும் உள்ளங்கைத் தோலும் பாறைக்குப் போயின. கார் நிறுத்துமிடத்தில் அப்போதுதான் வந்திறங்கிய ஒரு பெண்மணியிடம் "மேலே, நெஞ்சு, உதவி" என்று கத்தினேன். தன் கிழிந்த காற்சட்டையைக் கையால் பொத்திக்கொண்டு ஓடும் ஒருவனை அவள் நம்பியது பெரிய விஷயம். உடனே காரைத் திருப்பிக்கொண்டு ஆட்களைக் கூட்டிவரப் போனாள். நான் ஸ்பிரேயைப் பல்லில் கடித்துக்கொண்டு நான்கு காலில் ஏறினேன்.

அத்தான் வாயைத் திறந்தார். அடித்தேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இன்னொரு தரம் அடித்தேன். அக்கா அவருடைய மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அத்தான் கண்ணைத் திறந்தார்.

"நாடி எண்ணுறியோ?"

"ஓம்."

"எண்ணத் தெரியுமோ உனக்கு?"

"நிண்டால் தெரியும்தானே. வாயை மூடிக்கொண்டு இருங்கோ."

அத்தானின் தோள்கள் குலுங்கின. பயந்து போய் மீண்டும் ஸ்பிரேயைத் தூக்கினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். முகத்தில் மெல்ல நிறம் திரும்பியது. கீழே தூசியைக் கிளப்பிக்கொண்டு ஒரு வண்டி வந்து நின்றது. இரண்டு பேர் கயிறுகளோடு இறங்கினார்கள். அக்கா நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அவர்கள் மேலே வந்து, மணிக்கட்டைத் தாங்கள் பிடிக்கவேண்டும் என்று மூன்று முறை சொன்ன பிறகுதான் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.