ஒன்றரைக் கை தூரம்

துணிக்கடை வாசலில் பன்னிரண்டு வருஷம் காவல் நின்றவனுக்குக் கடை ஆட்கள் வைத்த பேர் புலி. புடவையைச் சுருட்டிக்கொண்டு ஓடிய மூன்று பேரைத் துரத்திப் பிடித்து, சட்டைக் காலரோடு இழுத்து வந்தவன். கரப்பான்பூச்சியைக் கண்டால் இந்தப் புலி நாற்காலி மேல் ஏறிக்கொள்ளும் என்பது அவன் மனைவிக்கு மட்டும் தெரியும். பாவம், அவள் வெளியில் சொன்னதில்லை.

ஒருநாள் அந்த வாசலில், பணம் கட்டாத துணியோடு தாண்டினால் தானே கத்துகிற மின்கதவு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார்கள். இனி ஆள் எதற்கு? மாசக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி. பன்னிரண்டு வருஷம் நின்ற காலுக்கு ஒரு வார்த்தை நன்றி உண்டா? அதுவும் கிடையாது. அலைந்து விசாரித்ததில், பெரிய மனிதர்களுக்குப் பக்கத்திலேயே இருந்து பாதுகாக்கும் மெய்க்காவலர் பயிற்சி ஒன்று இருப்பது தெரிந்தது. நாற்பது வயதுக்கு மேல் சேர்க்கமாட்டார்கள். புலிக்கு நாற்பது முடிய ஐந்தே மாசம். ஆள் எடுக்கும் தேர்வுக்கு மூன்று மாசம் இருந்தது. இதைக் கோட்டைவிட்டால் மறுபடி கிடையாது.

விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடினான். முதல் வாரம் நாக்குத் தள்ளியது. சாயங்காலம் முதலுதவிக்காக மனைவியின் கையில் கட்டுப்போட்டுப் பழகினான். அவள் அந்தக் கட்டோடு அடுப்படிக்கும் அறைக்கும் நடந்தபடியே, பயிற்சிக்கூடத்தில் விண்ணப்பத்தோடு கொடுத்த சின்னப் புத்தகத்தை அவனுக்கு வாசித்துக் காட்டுவாள். அதில் ஒரு வரியை மட்டும் தினமும் ஒப்பிக்கச் சொல்வாள். தாக்குகிறவனைப் பிடிப்பது உன் வேலை இல்லை. காக்க வேண்டியவரை உன் உடம்பால் மறை, அங்கிருந்து நகர்த்து.

"திருடனைப் பாத்தா உங்க காலு சும்மா இருக்காது. அதான் சொல்றேன்."

"அதெல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு, போ."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தைக்குப் போவதும் பயிற்சியாகிவிட்டது. அவள்தான் பெரிய மனுஷி. அவன் அவளுக்கு வலப்பக்கம் பின்னால், ஒன்றரைக் கை தூரத்தில், எதிரே வருகிறவர்களின் கைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தபடி வருவான். "மகாராணி வராங்க, வழிவிடுங்கன்னு சொல்லுங்களேன்" என்று அவள் கேலி செய்வாள். முதலில் வெட்கப்பட்டவள், போகப்போகத் தலையை நிமிர்த்தி, பையை ஆட்டிக்கொண்டு, திரும்பியே பார்க்காமல் நடந்தாள். பின்னால்தான் புருஷன் இருக்கிறானே.

தேர்வுக்கு ஏழு வாரம் இருக்கும்போது அது நடந்தது. கூட்டத்திலிருந்து ஒரு கை நீண்டது. அதைப் புலி சரியாகவே பார்த்தான். ஆனால் அதற்குள் அந்த ஆள் அவளுடைய பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான். அவள் தெருவில் விழுந்தாள். புலியின் கால் சும்மா இருக்குமா? பன்னிரண்டு வருஷப் பழக்கம். அவளைத் தாண்டிக் குதித்து ஓடினான். மூன்று தெரு துரத்தி, ஒரு சுவரோரமாக மடக்கி, மேலே ஏறி உட்கார்ந்தான். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு திரும்பி வந்தான்.

அவள் விழுந்த இடத்திலேயே கிடந்தாள். வெங்காயம் விற்கிறவள் ஒரு சாக்கை மடித்து அவள் தலைக்குக் கொடுத்திருந்தாள்.

"விழுந்தப்ப ஒண்ணும் ஆகலைங்க. உங்களைத்தான் கூப்பிட்டுக்கிட்டு எந்திரிக்கப் பாத்தாங்க. அப்பதான் சாமான் வண்டி பின்பக்கமா வந்து கால்ல ஏறிடுச்சு. பக்கத்துல ஒரு ஆளு இருந்து தூக்கியிருந்தா போதும்."

புலி ஆட்டோ பிடித்து அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். தொடை எலும்பு இரண்டாக உடைந்திருந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். இனி அந்தக் கால் கொஞ்சம் குட்டையாகவே இருக்கும் என்றார் மருத்துவர்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும். அவளைத் தூக்கி உட்காரவைத்தான், குளிப்பாட்டினான், பாத்திரம் தேய்த்தான். தேர்வுக்குப் போகப்போவதில்லை என்று அவன் சொன்னபோது மட்டும் அவள் வாயைத் திறந்தாள்.

"போயிட்டு வாங்க. வீட்டுல உக்காந்து என் காலைப் பாத்துக்கிட்டிருந்தா அது வளந்துடுமா?"

தேர்வில் ஓட்டம் முடிந்ததும், ஏழு பேரை ஒரு பயிற்சியாளருக்குக் காவலாக நடக்கவிட்டார்கள். திடீரென்று ஒருவன் கட்டையை ஓங்கிக்கொண்டு பாய்ந்து வந்தான். ஆறு பேரும் அவன்மேல் விழுந்தார்கள். புலி மட்டும் பயிற்சியாளரை இரண்டு கையாலும் வளைத்து, தன் முதுகால் மறைத்து, இழுத்துக்கொண்டுபோய் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். விசில் ஊதிய பிறகும் அவன் பிடியை விடவில்லை.

"போதும், விடுங்க. முடிஞ்சிடுச்சு. நீங்க ஒருத்தர்தான் சரியாச் செஞ்சீங்க. இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

"சந்தையில, சார்."

பயிற்சியாளர் சிரித்தார். புலிக்கு அழுகை வந்தது.

இடம் கிடைத்துவிட்டது. வீட்டில் சொன்னபோது அவள் "நல்லது" என்றாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள் என்றுதான் தோன்றியது.

மறுநாள் காலையில் காலைக் காட்ட மருத்துவமனைக்குக் கிளம்பினார்கள். தெருமுனைவரை நடந்தால் பஸ் வரும். விபத்துக்குப் பிறகு அவள் தெருவில் கால் வைப்பது அன்றுதான் முதல்முறை. ஊன்றுகோலை ஊன்றி அவள் இறங்கியதும், புலி பழக்க தோஷத்தில் வலப்பக்கம் பின்னால் போய், ஒன்றரைக் கை தூரத்தில் நின்றான். அவள் நகரவில்லை.

"நீங்க முன்னாடி போங்க."

"பின்னாடி இருந்தாத்தானே, நீ தடுக்கினா பிடிக்க முடியும்?"

"முன்னாடி போங்க. நீங்க இருக்கீங்களான்னு நான் பாத்துக்கிட்டே வரணும்."

அவள் குரலில் கோபம் துளிகூட இல்லை. புலி முன்னால் போய் நடந்தான். பின்னால் ஊன்றுகோல் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. பஸ் நிற்கிற இடம்வரை அவளைத் திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.