கடலடியில் நின்றுபோன எண்ணெய்

சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு ரசாயன நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். கச்சா எண்ணெயில் மெழுகு கலந்திருக்கும். கடலடிக் குளிரில் அது குழாயின் உட்சுவரில் படிந்து வழியை அடைத்துவிடும். அப்படிப் படியாமலிருக்க எண்ணெயில் என்ன மருந்து, எவ்வளவு கலக்க வேண்டும் என்று சொல்வது என் பொறுப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் கீரை வாங்கிவிட்டு, அங்கேயே கணவரோடு சாப்பிட உட்கார்ந்திருந்தேன். முந்தைய நாள் ஒரு வாடிக்கையாளர் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் பம்ப் பழுதாகி, குழாயில் எண்ணெய் ஓடாமல் நின்றுவிட்டது. நின்று குளிர்ந்தால் மொத்தமும் கூழாக உறைந்துவிடலாம். நான் சொன்ன மருந்துதான் அதில் கலந்திருந்தது. பம்பைச் சரிசெய்துவிட்டார்கள்; மதியம் மறுபடி ஓட்டப்போகிறார்கள்.

"தோசை ஆறுது. போன் வந்தா தானா அடிக்கும் லா," என்றார் கணவர்.

கை கழுவ எழுந்தேன். கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் இன்னும் சாப்பிடவே இல்லை என்று உறைத்தது.

போன் அடித்தது. மேடையில் இருக்கும் எங்கள் நிறுவனத்து எஞ்சினியர், தஞ்சாவூர்ப் பையன்.

"அக்கா, பிரஷர் ஏறிட்டே இருக்கு. குழாயோட அந்தப் பக்கம் ஒண்ணும் வரல. இன்னும் ஏத்தலாமான்னு கேக்குறாங்க."

"வேணாம். இப்ப இருக்கிறதை அப்படியே பிடிச்சு வைங்க. மருந்து இருக்கிறதால ரொம்ப கெட்டியா உறைஞ்சிருக்காது. மெதுவா உடையும்."

"ஷுவரா அக்கா?"

"ஷுவர்."

சொல்லிவிட்டேன். ஆனால் ஆய்வுக்கூடத்தில் அது உடைவதை நான் பார்த்தது விரல் தடிமன் குழாயில். அங்கே கிடப்பதோ கிலோமீட்டர் கணக்கில்.

அதற்குமேல் உட்கார முடியவில்லை. சிராங்கூன் சாலையில் நடந்தேன். பூக்கடை, நகைக்கடை, மறுபடி அதே பூக்கடை. கணவர் கீரைப் பையோடு பின்னால் வந்துகொண்டிருந்தார்.

மறுபடி போன். "வருது அக்கா. மெதுவாத்தான் வருது."

"கட்டி இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு."

"அதுல சாம்பிள் எடுத்து வைங்க. யாராவது கழுவி விட்டுடப் போறாங்க."

"அதான் வந்துடுச்சே. வீட்டுக்குப் போலாமா?" என்றார் கணவர்.

வந்துவிட்டதுதான். இன்னும் ஒரு நாள் நின்றிருந்தால் வந்திருக்குமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. மருந்தைக் கூட்ட வேண்டுமா, வேறு மருந்தா? டோபி காட் நிலையம் வரை நடந்தே போய் ரயில் பிடித்தோம். இடம் காலியாகவே இருந்தது. அவர் உட்கார்ந்தார். நான் நடுவில் ரயில் மாறிய பிறகும், எங்கள் நிறுத்தமான பூன் லே வரும்வரை கதவோரம் நின்றுகொண்டே வந்தேன்.