ஆளுக்கு ஒரு கை

சில வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த நாட்களில், சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் வார்டில் நடந்தது இது.

நாங்கள் கடலூர்க்காரர்கள். என் கணவர் மஞ்சக்குப்பத்தில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். சர்க்கரை வியாதி முற்றி அவருடைய சிறுநீரகங்கள் பழுதாகிவிட்டன. வாரத்துக்கு மூன்று தடவை மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துதான் ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது எங்களுக்கு இடம் கிடைத்தது சிதம்பரத்தில்தான். காலையில் பஸ் ஏறிப் போவோம், சாயங்காலம் திரும்பி வருவோம்.

கடையில் வாய் ஓயாமல் பேசுகிற மனிதர் அவர். ஒரு பல்பு வாங்க வந்தவரிடம் ஊர்க்கதை முழுவதும் பேசிவிட்டுத்தான் அனுப்புவார். அப்படிப்பட்டவர் அந்தக் கட்டிலில் படுத்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். நான் கேட்டால் ஒரு 'ம்' வரும். பஸ்ஸிலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான். வியாதியைவிட அந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் ஒரு பெண். இருபது வயது இருக்கும். காலேஜ் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்துகொண்டிருந்தாள். அவளுடைய அம்மா வெளியே பெஞ்சில் தஸ்பீஹ் என்னும் ஜெபமணியை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அந்தப் பெண் மட்டும் எப்போது பார்த்தாலும் கையடக்கமான ஒரு கேம் மெஷினை வைத்துக்கொண்டு ஏதோ விளையாடுவாள். துபாயில் வேலை பார்க்கும் அண்ணன் வாங்கி அனுப்பியதாம். இந்த நிலைமையில் என்ன விளையாட்டு என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

ஒரு நாள் அவளே என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இத கொஞ்சம் புடிச்சுக்கிறீங்களா?"

டயாலிசிஸ் நடக்கும்போது ஊசி ஏற்றிய கையை அசைக்கக் கூடாது. அவளுக்கு இடது கையில் ஊசி. என் கணவருக்கும் அப்படித்தான். ஒரு கையால் அந்த மெஷினை வைத்துக்கொண்டு அவள் படும் பாட்டை அன்றுதான் கவனித்துப் பார்த்தேன்.

அது ஒரு ராஜா காலத்துப் போர் விளையாட்டு. திரையில் சதுரங்கம் மாதிரி கட்டம் கட்டமாக நிலம். வாள்காரன், வில்காரன், வைத்தியக்காரி என்று நம் ஆட்கள் நிற்பார்கள். யாரை எங்கே நகர்த்துவது என்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம், எதிரி அசையாமல் காத்திருப்பான். ஆனால் நம் ஆள் எதிரியைத் தொட்டுவிட்டால் எல்லாம் மாறிவிடும். கட்டங்கள் மறைந்து நிஜச் சண்டை மாதிரி ஆரம்பித்துவிடும். வலது கையால் வெட்ட வேண்டும், அதே நேரத்தில் இடது கையால் கேடயத்தைத் தூக்கித் தடுக்க வேண்டும். கண் சிமிட்டினால் ஆள் காலி. யோசிக்கிற பகுதியை அவள் ஒரு கையாலேயே சமாளித்துவிடுவாள். சண்டை வந்தால் மெஷினைத் தலையணையில் சாய்த்து, ஒரே கையால் இரண்டு பக்கமும் தாவித் தாவி அழுத்தித் தோற்றுப்போவாள்.

ஆக, நான் அவளுடைய இடது கையானேன். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மெஷினைப் பிடித்துக்கொண்டு, அவள் "இப்ப!" என்றதும் பட்டனை அழுத்த வேண்டும். நான் அழுத்துவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

"அக்கா, நீங்க கேடயத்த தூக்குறதுக்குள்ள அவன அடக்கமே பண்ணிட்டாங்க!" என்று சிரிப்பாள். எனக்கும் சிரிப்பு வந்துவிடும். மருந்து கொடுக்க வரும் சிஸ்டர், "இது வார்டா, விளையாட்டு மைதானமா?" என்று முறைத்துவிட்டு, எங்களை விட்டுவிடுவார்.

அப்படி ஒரு நாள் தோற்றுக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"வில்லுக்காரன ஏன் முன்னாடி நிறுத்துறீங்க? பின்னாடி தள்ளுங்க. பாலத்த வாள்காரன் பாத்துப்பான்."

என் கணவர்! சுவரைப் பார்த்துக் கிடந்த முகம் எப்போது இந்தப் பக்கம் திரும்பியது என்று தெரியவில்லை. அவர் சொன்னபடி செய்தோம். ஜெயித்தோம். அன்றிலிருந்து யோசனை அவருடையது, வலது கை அவளுடையது, இடது கை என்னுடையது. பஸ்ஸில் திரும்பும்போது புதுச்சத்திரம் தாண்டும்வரை அந்த ஆட்களையும் அடுத்துப் பிடிக்க வேண்டிய கோட்டையையும் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஆகவில்லை. ஒரு நாள் டயாலிசிஸ் மெஷினில் இருக்கும்போதே அவருக்குப் பிரஷர் இறங்கி, காலெல்லாம் இழுத்துக்கொண்டு, பயங்கரமாகத் துடித்துப்போனார். அடுத்த முறை கிளம்பச் சொன்னபோது எழுந்திருக்கவில்லை.

"போதும். இனிமே நான் வரல. என்ன விட்டுடு" என்றார்.

கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். அவர் தம்பி வந்து பேசினார். ஒன்றும் நடக்கவில்லை. ஏன் வரவில்லை என்று அந்தப் பெண் போனில் கேட்டபோது, லேசாகக் காய்ச்சல் என்று சொல்லிவைத்தேன். அதற்கடுத்த முறையும் அவர் வரவில்லை. முகமும் காலும் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அப்போதும் வாயில் அதே வார்த்தைதான்: வேண்டாம்.

அன்று மதியம் மறுபடி அவள் போன் செய்தாள். அப்போதுதான் அவளுக்கு டயாலிசிஸ் முடிந்திருந்தது. என்னால் மறைக்க முடியவில்லை, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அண்ணன்கிட்ட குடுங்க" என்றாள். ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைத்தேன்.

"அண்ணே, கோட்டை வாசல்ல நம்ம ஆளுங்க நிக்கிறாங்க. உங்க முறை. நான் ஒருத்தரையும் நகத்தல."

"நீயே ஆடிக்கம்மா" என்றார் இவர். பேசவே மூச்சு வாங்கியது.

"ஆட மாட்டேன். எனக்கும் ஒரு தடவ எல்லாம் போதும்னு ஆயிடுச்சுண்ணே. அம்மா கால்ல விழாத குறையா கூட்டியாந்தாங்க. அதனால உங்களுக்கு எப்படி இருக்கும்னு தெரியும். கேம்ல நீங்க எவ்ளோ நாள் யோசிச்சாலும் எதிரி நிப்பான். நம்ம வியாதி நிக்காது. நீங்க வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன், வீட்டுக்குப் போகல."

போனை வைத்துவிட்டாள். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நம்பிக்கையே இல்லை. திடீரென்று தலையை நிமிர்த்தி, "ரெண்டாவது வில்லுக்காரனுக்கு அம்பு மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குங்க" என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

"அந்தச் சட்டைய எடு."

தெருமுனையில் இருக்கும் கார் டிரைவரை ஓடிப்போய்க் கூப்பிட்டேன். வழியெல்லாம் வெள்ளம். முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. இவர் என் தோளில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்தார். பாலம் முடிகிறவரை நான் கும்பிடாத சாமி இல்லை.

வார்டு வாசல் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். டயாலிசிஸ் முடிந்து வெளியே வருகிறவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எப்போது வீட்டுக்குப் போய்ப் படுப்போம் என்றிருக்கும். முகம் வெளுத்து, கையில் கட்டோடு, அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு அவள் காத்திருந்தாள். அந்த அம்மா என் கையைப் பிடித்து, "துஆ செஞ்சுகிட்டேதாம்மா இருக்கேன், ஒண்ணும் ஆவாது" என்றார்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உடனே மெஷினில் போடச் சொன்னார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்று வந்திராவிட்டால் நாளைவரை தாங்கியிருக்காது என்றார்.

மூச்சு கொஞ்சம் சீரான பிறகு, சிஸ்டர் அவளை உள்ளே விட்டார். இந்த முறை அவள் நோயாளி இல்லை, என் ஸ்டூலில் அவள் உட்கார்ந்தாள். இரண்டு கையும் காலியாகத்தான் இருந்தது, அவளே தனியாக ஆடியிருக்கலாம். ஆனால் கேம் மெஷினை அவர் வலது கை பக்கம் நீட்டினாள்.

"இன்னிக்கு நான் இடது கை. நீங்க வெட்டுங்க."

அதுவரை யோசனை மட்டும் சொன்னவர், கட்டைவிரலால் முதல் தடவையாகப் பட்டனைத் தொட்டார். அன்று கோட்டையைப் பிடிக்கவில்லை. மோசமாகத் தோற்றோம். "என்னண்ணே, அக்காவே தேவலாம் போலிருக்கே" என்று அவள் சொல்ல, இவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அதன் பிறகு ஒரு தடவைகூட வர மாட்டேன் என்று அவர் சொன்னதில்லை.

மறு வருடம் அவளுடைய அம்மாவே சிறுநீரகம் கொடுத்து, சென்னையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது விட்ட படிப்பைத் தொடர்ந்து, சிதம்பரத்துக்குக் காலேஜ் மாணவியாக வந்து போகிறாள். என் கணவருக்கு டயாலிசிஸ் தொடர்கிறது. மற்ற நாட்களில் கடைக்குப் போகிறார், பல்பு வாங்க வருகிறவர்களை முன்பு போலவே நிறுத்திவைத்துப் பேசுகிறார்.

போன ரம்ஜானுக்கு அவள் வீட்டுக்குப் போனபோது, அன்று நீ போன் செய்யாவிட்டால் இவர் இல்லை என்று சொன்னேன். "நான் என்னக்கா செஞ்சேன், கேம் ஆடக் கூப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு, தட்டில் இன்னும் கொஞ்சம் பிரியாணி வைத்தாள்.

தன் உடம்பு ஓய்வுக்குக் கெஞ்சிக்கொண்டிருந்த அந்த மதியத்தில், எந்த உறவும் இல்லாத ஒருவருக்காக ஒரு பெஞ்சில் காத்திருந்தாளே, அந்தக் காத்திருப்பில் கிடைத்த வாழ்க்கையைத்தான் நாங்கள் இருவரும் இன்றுவரை வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.