பழைய மெட்டு

அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற துணிவில்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். பாட்டுத்தாளின் அடியில் இருந்த ஒரு வரியில் விரலை வைத்து, "இதுதான் உங்கள் பெயர்" என்றேன். அங்கே இருந்தது 'பழைய மெட்டு' என்ற இரண்டு சொற்கள். எழுதியவனும் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் ஓர் இத்தாலிய அம்மாவின் வீட்டில் சமைத்தும் துடைத்தும் பிழைத்தேன். யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவன் என்பதால் இங்கும் எங்கள் ஆட்களுக்கு நான் மாஸ்டர்தான். மாதா கோயில் பாட்டுகளைக் கையால் எழுதிப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு.

அவரைப் பிள்ளைகள் மாயெஸ்த்ரா என்பார்கள். இத்தாலியில் ஆசிரியைக்கு அதுதான் சொல். கரீபியன் தீவொன்றில் பிறந்து, அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு இசை கற்பித்து, அவர்கள் பாடுவதற்கென்றே பாட்டுகளும் அமைத்தவர். கப்பலில் வேலை செய்த பலெர்மோக்காரர் ஒருவரை மணந்து வந்தார். கணவர் இறந்தபின் போர்கோ வெக்கியோ என்ற பகுதியில், சந்தைக்கு மேலே ஒரு மாடியில் தனியாக இருந்துகொண்டு வீடு வீடாகப் போய்ப் பியானோ சொல்லிக்கொடுத்தார். சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் இருந்த அல்பெர்கேரியாவுக்கு நடந்து வந்து, கோயில் மண்டபத்தில் எங்கள் பிள்ளைகளைப் பாடப் பழக்கினார்.

மாதா திருவிழாவுக்கு நான் எழுதிய வரிகளுக்கு அவர் மெட்டுப் போட்டார். ஒரே வரியைப் பத்துத் தடவை என்னைச் சொல்லவைத்து, கரண்டியால் மேசையில் தட்டிக்கொண்டே கேட்பார். குறிலை நீட்டினால் கல் காலாகிவிடும் என்று ஒருமுறை சொன்னேன். அதன்பின் நெடில் வரும் இடத்தில் மட்டுமே இசை நீளும்படி இரண்டு மாதம் அழித்து அழித்து எழுதினார். நாங்கள் ஊரில் பாடிய பாட்டுகளில்கூட அந்தக் கவனம் இருந்ததில்லை.

பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான். ஒரு பள்ளியில் இசையாசிரியை இடம் காலியாக இருந்தது. இந்த நகரத்தில் தன் ஆக்கம் ஒன்று பாடப்பட்டதற்கு எழுத்தில் சான்று வேண்டும். பாட்டுத்தாளில் பெயர் இருந்தால் போதும் என்றார்.

விழாக் குழுத் தலைவர் முகத்தைச் சுளித்தார். "மாஸ்டர், கறுப்பி போட்ட மெட்டெண்டு தெரிஞ்சா சனம் வாய் திறவாது. பழைய மெட்டு எண்டு போட்டுவிடுங்கோ. ஆர் பாக்கப் போயினம்?"

சிஞ்ஞோராவின் அயலவர்கள் என் நிறத்தைப் பற்றிப் படிக்கட்டில் என்ன சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் "ஓம்" என்றேன்.

திருவிழாவில் நான் விரல் வைத்துக் காட்டிய எழுத்துகளைத் தடவிப் பார்த்து மாயெஸ்த்ரா சிரித்தார். அந்தத் தாளை விண்ணப்பத்தோடு இணைத்தார். பள்ளி அதை மொழிபெயர்க்கக் கொடுத்தது. பழைய மெட்டொன்றைத் தன்னுடையது என்று காட்டியவர் என்று அவருடைய விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள்.

அவர் வந்து கேட்டது ஒரு கேள்விதான். "நீங்கள் விரல் வைத்த இடத்தில் என்ன எழுதியிருந்தது?"

சொன்னேன். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பின் சனிக்கிழமைகளில் வரவில்லை.

நடந்ததை இத்தாலிய மொழியில் எழுதிக் கையொப்பமிட்டுப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். இடம் நிரம்பிவிட்டது என்று கடிதத்தைத் திருப்பித் தந்தார்கள். அடுத்த திருவிழாவில் பாட்டு தொடங்குமுன் மைக்கை வாங்கி எல்லாவற்றையும் சொன்னேன். குழுத் தலைவர் வெளியே போனார். முன்வரிசையிலிருந்து மன்னார் அக்கா ஒருவர் எழும்பினார்.

"மாஸ்டருக்கு வயசு போட்டுது. இது நான் சின்னனிலை மன்னாரிலை பாடின பாட்டு."

"அக்கா, வரியளை நானே போன வருசம்தான் எழுதினனான்."

"வரி உங்கட. மெட்டு எங்கட."

சனம் சிரித்தது. நான் எழுதிய பொய்க்கு ஒரே வருடத்தில் ஒரு சொந்த ஊரும் கிடைத்துவிட்டது.

"வாங்கோ, அவவிட்டையே கேப்பம்" என்றேன்.

"ஓம், வாறன். மன்னாரிலை ஆரிட்டைப் பாட்டுப் பழகினவ எண்டு நானும் கேக்கத்தானே வேணும்."

பெயரை இரண்டு மொழியிலும் எழுதிய புதிய தாளோடு இருவரும் போனோம். மாயெஸ்த்ரா கதவைத் திறந்து தாளை வாங்கினார். தன் பெயருக்கு முன்னால் இருந்த தமிழ்ச் சொல்லைக் காட்டி, "இது என்ன?" என்றார். நான் வாயைத் திறந்தேன். "நீங்கள் அல்ல" என்று தாளை அக்காவிடம் நீட்டினார்.

அக்கா கண்ணாடியை மாட்டி மெதுவாக வாசித்தார். "மூசிக்கா, சிஞ்ஞோரா. இசை உங்களுடையது என்று போட்டிருக்கிறது" என்று இத்தாலியத்தில் சொன்னார்.

மாயெஸ்த்ரா உள்ளே போய் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அந்தப் பாட்டுக்காக அழித்தும் திருத்தியும் எழுதிய இரண்டு மாத வேலை. அக்கா ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இவ்வளவும் இந்த ஒரு பாட்டுக்கோ, மாஸ்டர்?"

"ஓம்."

"அப்ப நான் பாடினது வேறை பாட்டாக்கும்."

பள்ளி வேலை பிறகும் கிடைக்கவில்லை. அக்கா கேட்டதால் மாயெஸ்த்ரா மறுபடி சனிக்கிழமைகளில் வந்தார். புதுப் பாட்டுகளின் வரிகளைச் சொல்லிக்காட்ட என்னைக் கூப்பிடவில்லை. நான் எழுதிய வரிகளை மாயெஸ்த்ராவின் வாசலில் அக்காவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, சந்தை இரைச்சலுக்கு இடையே அக்கா ஒரே வரியைப் பத்துத் தடவை சொல்வதையும், கரண்டி மேசையில் தட்டப்படுவதையும் படிக்கட்டில் நின்று கேட்டிருக்கிறேன்.