மாண்டரின் குஞ்சுகளும் வெள்ளிக்கிழமைப் புகையும்

போன வெள்ளிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடையைத் தாண்டும்போது சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்குக் கோயில் ஞாபகம் வரும். எனக்கு வயிறு எரிந்தது. ஏன் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

கிள்ளானில் அம்மாவும் நானும் மட்டும் இருக்கும் பிளாட்டில், அப்போது என் அறை முழுக்கக் கடல் மீன் தொட்டி. ஒரு ஜோடி மாண்டரின் மீன் வளர்த்தேன். விரல் நீளம்தான்; நீலத்தில் ஆரஞ்சு நெளி, பட்டுச்சேலைக் கடைக்காரர்கூடத் துணிந்து போடாத கலவை. அந்தி சாய்ந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு மேலே எழும்பி முட்டை விடும். அதுவரை சுகம். பொரித்ததும் பிடிக்கும் சனி. கண்ணுக்கே தெரியாத வாய்க்கு, அதைவிடச் சின்னதாக உயிருள்ள தீனி வேண்டும். தீனிக்குப் பாசி, பாசிக்குப் பாட்டில்கள், சமையலறை வரைக்கும். கடல் தண்ணீருக்குப் போர்ட் டிக்சன் கடற்கரைக்கு ஓட்டம். காரில் கருவாட்டு வாடை ஏறி, ஆபீஸ்காரர் ஒருவரும் அதில் ஏறுவதில்லை. இத்தனை பாடுபட்டும் ஒவ்வொரு தடவையும் குஞ்சுகள் சில நாளில் செத்துத் தொலைந்தன.

மீன் கடைச் சீனக் கிழவர் என்னைக் கண்டாலே, "பாஸ், மறுபடி மாத்தியா?" என்பார். மலாயில் மாத்தி என்றால் சாவு. சிரித்து வைப்பேன்.

ஒரே ஒரு தடவை, தனி வாளியில் விட்டிருந்த குஞ்சுகள் பிழைத்தன. மிதப்பதை விட்டு வாளியின் அடியில் இறங்கி உட்கார்ந்தால் கண்டம் தாண்டியது என்று அர்த்தம், இறங்கத் தொடங்கிவிட்டன. "பேரப்பிள்ளையக் காட்டுடான்னா மீன் குஞ்சக் காட்டுறான்," என்று முனகிய அம்மாவே, எதிர்வீட்டு ஆன்டியைக் கூட்டிவந்து டார்ச் அடித்துக் காட்டினார்.

"அம்மாடி, எத்தன குஞ்சு லா," என்று ஆன்டி வாயைப் பிளந்தார். அவ்வளவுதான்.

மறுநாள் வெள்ளி. வேலை விட்டு வந்தால் அறை ஜன்னல் சாத்தியிருந்தது, கண் கரித்தது. வாளியைச் சுற்றித் தூபக்காலைக் காட்டிவிட்டு, நன்றாகப் பிடிக்கட்டும் என்று பக்கத்திலேயே வைத்திருக்கிறார் அம்மா. காற்று பம்பும் அங்கேதான். அது புகையை உறிஞ்சித் தண்ணீருக்குள் குமிழ் குமிழாக விட்டுக்கொண்டிருந்தது. ஒரு குஞ்சுகூட அசையவில்லை.

"அவ கண்ணு பொல்லாததுய்யா. அதான் கொஞ்சம் தூக்கலாவே போட்டேன்," என்றார்.

யாரைத் திட்டுவது? அந்த ஜோடி பிறகு முட்டையே விடவில்லை. பெண் மீன் செத்தது, பின்னாலேயே ஆணும் போனது. தொட்டியை வந்த விலைக்குக் கொடுத்தேன். மீன் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள்.

அம்மா இன்றும் வெள்ளிதோறும் வீடு முழுக்கப் புகை போடுகிறார். என் அறை வந்ததும் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, புகையைக் கையால் அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டே போகிறார். உள்ளே இருப்பது ஒரு கட்டிலும் துணி காயும் கொடியும்தான்.