நோட்டில் இல்லாத நாலு அடி

ஒரகடத்தைச் சுற்றி எந்த மாதா கோயிலில் தேர் என்றாலும் அந்தக் காலத்தில் எங்கள் பேண்டு செட்டைத்தான் கூப்பிடுவார்கள். தலைவர் என் பெரியப்பா. பெரிய டிரம்மை வயிற்றில் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடப்பார். பின்னால் தப்பாக வாசித்தால் அவருக்குக் கேட்டுவிடும். யார் என்பதுதான் தெரியாது. அதனால் தேர் நிலைக்கு வந்ததும் ஒரு விசாரணை உண்டு.

1991இல் நான் ஆறாம் வகுப்பு. செட்டில் டிரம்பெட் வாசித்த அண்ணன் வேலை கிடைத்துப் போய்விட்டதால், அதுவரை ஜால்ரா தட்டிக்கொண்டிருந்த எனக்கு டிரம்பெட் வந்தது. "ஒரு தப்பு கேட்டுச்சு, திரும்ப ஜால்ராதான்" என்று பெரியப்பா சொல்லியிருந்தார். அந்தப் பயத்தில் ராத்திரி டிரம்பெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தூங்குவேன்.

எங்கள் ஊர்த் தேர் வந்தது. செட்டில் இரண்டு பேருக்கு அம்பத்தூர் கம்பெனியில் ஷிப்டு மாறவில்லை. பெரியப்பா யார் யாரையோ பிடித்து, மெட்ராஸில் ஒரு ஹோட்டலில் வாசிக்கிற இரண்டு பேரை வரவழைத்தார். ஒருவர் சாக்ஸபோன், இன்னொருவர் டிரம்பெட். காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். சாக்ஸபோனை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்ள ஒரு வருஷத்துக்குப் போதும் என்று நினைத்தேன்.

பெரியப்பா பாட்டுக்கெல்லாம் ஸ்வரம் எழுதிவைத்த நோட்டை நீட்டினார். சாக்ஸபோன்காரர் ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். பிறகு கால்சட்டையில் மண் ஒட்டாமல் இருக்க அதைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பெரியப்பா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டு பேரும் மாதா பாட்டை ஒரு தடவை ஒழுங்காக வாசித்தார்கள். அடுத்த தடவை பாட்டை விட்டு வெளியே போனார்கள். மெயின் ரோட்டில் போகிறவன் பின்தெருவில் நுழைந்து, ஊரெல்லாம் சுற்றி, சரியாக பஸ் வருகிற நேரத்துக்கு ஸ்டாப்பில் வந்து நிற்பதுபோல் திரும்பி வந்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. சாக்ஸபோன்காரரிடம் ஓடினேன்.

"இதுக்கு இன்னா பேரு அங்கிள்?"

"ஜாஸு. நாலு அடி பாட்டு, அடுத்த நாலு அடி உன்னுது. சாயங்காலம் தேரு முனையில திரும்பசொல்ல உனக்குக் கண்ணு காட்றேன், வாசி."

"என் நோட்டுல அது இல்லியே."

"நோட்டுல இல்லாததத்தான் வாசிக்கணும் பாப்பா."

கற்றுக்கொடுங்கள் என்று நச்சரித்தேன். வாசித்துக் காட்டினார். இன்னொரு தடவை என்றேன்; வேறு மாதிரி வாசித்தார். மறுபடியும் வேறு மாதிரி. "ஒரே மாதிரி வாசிங்க அங்கிள்" என்று கோபித்துக்கொண்டேன். டிரம்பெட்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். கடைசியில் ஒன்றைப் பிடித்து நோட்டில் எழுதிக்கொண்டேன். மத்தியானமெல்லாம் சாப்பிடாமல், உதடு வீங்க அதையே ஊதி மனப்பாடம் செய்தேன். ஜாஸ் முழுவதும் வந்துவிட்டது என்று ஒரே குதூகலம்.

சாயங்காலம் ரேஷன் கடை முனையில் தேர் திரும்பியது. சாக்ஸபோன்காரர் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். தொடங்கினேன். முதல் இரண்டு அடி அச்சுப் பிசகவில்லை. மூன்றாவது அடியில் யாரோ சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பாட்டில் மட்டுமல்ல, எந்தப் பாட்டிலுமே இல்லாத ஒரு ஸ்வரம் என் டிரம்பெட்டிலிருந்து கிளம்பியது. முன்னால் பெரியப்பாவின் டிரம் அரை அடி தயங்கியது. ஜால்ராவை இப்போதே கையில் பிடித்ததுபோல் இருந்தது.

சாக்ஸபோன்காரர் அதே ஸ்வரத்தை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். மூன்றாவது தடவை அதற்குக் கீழே இரண்டு ஸ்வரத்தைச் சேர்த்தார். டிரம்பெட்காரர் அதை ஆசையோடு வாங்கி, சுற்றித் திருப்பிக் கொடுத்தார். தேருக்கு முன்னால் பையன்கள் ஆடத் தொடங்கினார்கள். எனக்கும் பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. அதே ஸ்வரத்தை நானும் இன்னொரு தடவை ஊதினேன். "அதான், அதான்" என்றார் சாக்ஸபோன்காரர். முனையிலிருந்து கோயில்வரை என் கால் தரையில் படவில்லை.

தேர் நிலைக்கு வந்தது. பெரியப்பா டிரம்மைக் கழற்றி வைத்தார்.

"முனையில தப்பா எடுத்தது யாரு?"

நான் டிரம்பெட்டை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"அங்கிள்தான் பெரியப்பா."

சாக்ஸபோன்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார்.

"ஆமாண்ணே, நாந்தான். கை தவறிப்போச்சு."

விருந்தாளியைத் திட்ட முடியுமா? பெரியப்பா குரலைத் தணித்துக்கொண்டார். "பரவால்ல. அடுத்த வாட்டி எங்க பாப்பாவப் பாத்துக்கினு வாசிங்க. அவ நோட்ட வுட்டு நவுரமாட்டா."

"சரிண்ணே" என்றார் அவர்.

டிரம்பெட் என்னிடமே தங்கியது. பஸ் ஏறும்போது அவர் கையசைத்தார். நானும் பெரிய மனதோடு அசைத்தேன். அவ்வளவு நன்றாக வாசிக்கிற மனிதருக்கு, தான் செய்த தப்பு எது, அடுத்தவர் செய்தது எது என்றுகூடத் தெரியவில்லையே என்று அவருக்காக அன்று மிகவும் இரக்கப்பட்டேன்.