கொம்பில்லாத கிடா வாங்கிய பேனாக்காரர்

ஆடு வாங்கப் போகிறவன் எதைப் பார்ப்பான்? முதுகைத் தடவிப் பார்ப்பான், வாலடியில் கொழுப்பைப் பிடித்துப் பார்ப்பான், வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பான். ஃபெஸ் நகரத்தில் பிறந்த பச்சைக்குழந்தைக்குக்கூட இது தெரியும். கொம்பைக் கடைந்து பேனா செய்யும் தாமிக்கு மட்டும் தெரியாது. பெருநாள் சந்தைக்குள் காலை வைத்தாரென்றால் அவர் கண் நேரே கொம்புக்குத்தான் போகும். விரல் கணுவால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். எச்சில் தொட்டுத் தேய்த்து வெயிலில் நிறம் பார்ப்பார். கொம்புக்குக் கீழே ஓர் ஆடு நிற்கிறது என்பதே அவருக்கு வீட்டுக்கு வந்து மனைவி பத்தூல் கத்தும்போதுதான் தெரியும்.

நல்ல கொம்பு வேண்டுமென்றால் கிடாவுக்கு வயதாக வேண்டும். வயதான கிடாவின் கறி எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒவ்வொரு பெருநாளும் பத்தூல் அந்தச் செருப்புத் தோலோடுதான் மல்லுக்கட்டினாள். உலர்ந்த பிளம்ஸ் போட்டாள், இஞ்சி போட்டாள், விடிய விடிய அடுப்பில் வைத்தாள். சட்டிதான் கரைந்தது.

போன வருஷம் வினை முற்றிவிட்டது. மகள் கௌதரைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. பையனின் அம்மா முதல் துண்டைக் கடித்ததும் 'டக்' என்று ஒரு சத்தம். கட்டிய பல் தட்டில் வந்து விழுந்தது. அந்தம்மா பல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு எழுந்தார். சம்பந்தமும் அந்த முடிச்சோடு போயிற்று.

"பல்லு கட்டுன டாக்டரு ஒழுங்கா கட்டல," என்றார் தாமி.

அன்றைக்கு பத்தூல் எறிந்த கரண்டி இன்னும் கோணல்தான்.

மனிதர் வேலையில் குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். அண்ணன் தம்பியெல்லாம் கொம்புச் சீப்பு செய்கிறவர்கள். இவர் மட்டும் பேனாவுக்கு வந்தார். "முடி கொட்டுனா சீப்பு வேணாம். கையெழுத்து கொட்டுமா?" என்பார். சுருண்ட ஆட்டுக் கொம்பைத் துண்டு போட்டு, ஊறவைத்து, கரித் தணலில் காட்டி இளக்கி, அழுத்தத்தில் வைத்து நேராக்குவார். பிறகு கடைசல் எந்திரத்தில் மாட்டிச் சுற்றவிட்டால் தேன் நிறத்திலும் கறுப்பிலும் வரி வரியாக ஒரு பேனா வெளியே வரும். கூடவே முடி கருகிய நாற்றமும் வரும். ஹம்மாம் குளியல்கூடத்தில் எத்தனை முறை தேய்த்தாலும் அது அவரைவிட்டுப் போகாது. தெருவில் தாமி வருவது முதலில் மூக்குக்குத்தான் தெரியும்.

ஒருமுறை ஒரு பிரெஞ்சுக்காரர் மான் கொம்பைக் கொண்டுவந்து பேனா கேட்டார். "இது கொம்பில்ல முசியே, எலும்பு. வருஷா வருஷம் உதிர்ந்து முளைக்கிறதுக்கு என்ன மரியாதை?" என்று முகத்தைச் சுளித்தார் தாமி. சுளித்த முகத்தோடேயே கடைந்தும் கொடுத்தார், அருமையாக. மிச்சத் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு மாதம் விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்டால் கோபம் வரும்.

குர்பானி ஆட்டின் தோலையோ கொம்பையோ விற்கக்கூடாது அல்லவா? அதனால் கசாப்புக்கடைக் கொம்பில் செய்ததை விற்பார், பெருநாள் கொம்பில் செய்ததைச் சும்மா கொடுப்பார். அவர் கொடுத்த பேனா இமாமிடம் இருக்கிறது, ரொட்டிக்காரனிடம் இருக்கிறது, எழுதவே தெரியாத ஹம்மாம்காரியிடமும் இருக்கிறது. அவள் அதால் முதுகு சொறிகிறாள்.

இந்த வருஷம் மறுபடியும் ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பெயர் அனஸ், கௌதர் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் பக்கத்தில் கண்ணாடிக்கடை. இருவருக்கும் பிடித்துப் போயிருந்தது. அனஸின் அப்பா ஹாஜி மெக்கி ஆட்சேபம் சொல்லவில்லை. அம்மா லல்லா ஷமாதான் பிடி கொடுக்கவில்லை. பெருநாளின் இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, மனிதர்களைப் பார்த்து, மனசுக்குப் பட்டால் அங்கேயே ஃபாத்திஹா ஓதி நிச்சயத்தை முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பினாள். மனசுக்குப் படாவிட்டால் என்ன என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன?

கௌதர் அப்பாவின் பட்டறைக்கே வந்து நின்றாள்.

"பாபா, உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. ஒரே ஒரு பெருநாள், கொம்ப மறந்துருங்க. எனக்கு அவர ரொம்பப் புடிச்சிருக்கு."

சொல்லும்போதே குரல் உடைந்தது. தாமி கடைசல் எந்திரத்தை நிறுத்தினார். "சரிம்மா" என்றார்.

சந்தைக்கு பத்தூலும் கூடவே போனாள். தாமி ஒரு கையால் தன் கண்ணை மறைத்துக்கொண்டு, இன்னொரு கையால் ஆடுகளின் முதுகைத் தடவினார். வியாபாரிகள் சிரித்தார்கள். கடைசியில் பிடித்தது ஓர் இளங்கிடா. கொழுகொழுவென்று பஞ்சு மெத்தை மாதிரி முதுகு, மொழுமொழுவென்று தலை. பிறவியிலேயே கொம்பில்லை.

அதைச் சந்துக்குள் ஓட்டி வந்தபோது பார்க்க வேண்டுமே! ரொட்டிக்காரன் கடையை விட்டு இறங்கியே வந்துவிட்டான்.

"என்ன மேஸ்திரி, கொம்ப வழியில களவு குடுத்துட்டீங்களா?"

"எனக்கு மட்டும் என்னடா, மத்தவங்களவிட ரெண்டு கொம்பா மொளச்சிருக்கு? எல்லாரும் வாங்குற மாதிரி வாங்கிருக்கேன், போ!" என்று உறுமிவிட்டுப் போனார் தாமி.

இதோடு முடிந்திருந்தால் நல்லது. அன்று சாயங்காலமே எதிர்வீட்டு புஷ்தா தன் கிடாவை ஓட்டிவந்தான். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வேலை அவனுக்கு. அந்தக் கிடாவின் கொம்பு இரண்டு பக்கமும் இரண்டு சுற்று சுற்றி, நுனி வெளியே திரும்பி, அடியில் கறுத்து மேலே தேனாக வழிந்தது. தாமி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து வேளா வேளைக்கு அதற்குத் தீனி வைப்பதும் தண்ணீர் காட்டுவதும் கொம்புக்கு எண்ணெய் போடுவதும் இவர்தான்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையால்ல இருக்கு," என்றான் புஷ்தா.

"புஷ்தா, உன் காலப் புடிக்கிறேன். இந்தக் கொம்புல ரெண்டு பேனா. ஒண்ணு மாப்பிள்ளைக்கு, ஒண்ணு எம் மவளுக்கு. கல்யாண ஒப்பந்தத்துல அவங்க அதாலதான் கையெழுத்துப் போடணும். தலைய நெருப்புல போடுறதுக்கு முன்னாடி கொம்ப அறுத்துக் குடுத்துருவியா?"

"இதுக்குப் போயி காலா? எடுத்துக்கங்க. எனக்கு முதல் நாள் டூட்டி, ரெண்டாம் நாள்தான் அறுக்கிறேன்."

இரண்டாம் நாள் மத்தியானம் விருந்தாளிகள் வந்தார்கள். ஹாஜி மெக்கி வாசனைத் தைலம் பூசி, மீசையை முறுக்கி, தேநீர் கொண்டுவந்த பக்கத்துவீட்டுப் பெண்ணிடம் பெயர் கேட்டு, ஊர் கேட்டு, இன்னும் என்னவோ கேட்கப் போனார். லல்லா ஷமா ஓர் இருமல் இருமினாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

கறி வந்தது. எல்லோரும் லல்லா ஷமாவின் வாயையே பார்த்தார்கள். அவள் ரொட்டியால் ஒரு துண்டைத் தொட்டாள். அது எலும்பைவிட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. மென்றாள். இன்னொன்று எடுத்தாள். பத்தூலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மேசைக்கு அடியில் கௌதர் தன் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

தட்டுகளை எடுத்தாயிற்று, கை கழுவியாயிற்று. "சரி, ஓதிரலாமா?" என்று ஹாஜி மெக்கி கேட்க, லல்லா ஷமா பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

சன்னல் வழியே புகை வந்தது. சந்து முனையில் இளவட்டங்கள் பழைய கட்டில் ஸ்பிரிங்கை நெருப்பின்மேல் போட்டு ஆட்டுத்தலை வாட்டிக்கொண்டிருந்தார்கள். ரெண்டு நாளாக ஊரே அந்தப் புகையில்தான் கிடக்கிறது, யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தாமியின் மூக்கு மட்டும் விடைத்தது. முடி கருகுவதும் கொம்பு கருகுவதும் ஒரே நாற்றம்தான் என்பார்கள். அவரிடம் சொல்லிப் பாருங்கள்!

பத்தூல் கண்ணாலேயே அவரை உட்காரவைத்தாள். அவர் உட்கார்ந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் வியர்த்தது. எந்த ஆட்டுக் கொம்பு என்பதுகூட அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு நிமிஷம்," என்று சொல்லி, ஜெல்லாபா அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். செருப்புகூடப் போடவில்லை.

சந்து இரண்டு ஆள் அகலம், ஒரு வார்த்தை வெளியே போகாது. எல்லாம் சன்னல் வழியே வீட்டுக்குள்தான் விழுந்தது.

"டேய், அது யாரு தலடா?"

"புஷ்தா அண்ணன் குடுத்துட்டு தூங்கப் போயிட்டாரு, மேஸ்திரி. ராத்திரி டூட்டி பாத்த களைப்பு."

"அடப்பாவி! கொம்பு கொப்புளிச்சு வெடிச்சிரும்டா, எடு!"

"மேஸ்திரி, தள்ளுங்க, ஜெல்லாபா பத்திக்கும்!"

"பத்தட்டும்டா!"

பிறகு ஒரு 'ஸ்ஸ்' சத்தம், வாளித் தண்ணீர் கொட்டுகிற சத்தம், இளவட்டங்களின் சிரிப்பு. கௌதர் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அனஸ் எழப் போனான். அவன் அம்மா கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

தாமி வாசலில் வந்து நின்றார். வெள்ளை ஜெல்லாபாவின் ஒரு கைப்பகுதி கருகிப் போயிருந்தது, தாடியில் சாம்பல். பாதி வாட்டிய ஆட்டுத்தலை ஒன்றை இரண்டு கொம்பையும் பிடித்து நெஞ்சோடு அணைத்திருந்தார். விருந்தாளிகளைப் பார்த்த பிறகுதான் தான் செய்தது அவருக்கு உறைத்தது. மகளைப் பார்த்தார். ஆட்டுத்தலையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார்.

"இவரு எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டாள் லல்லா ஷமா.

இன்னைக்குத்தான் இப்படி என்று பத்தூல் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாளெல்லாம் அவரைக் கரித்துக்கொட்டுகிறவள்தானே. ஆனால் வேற்றாள் ஒருத்தி அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவளுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"எப்பவுமேதான்! இவருக்குக் கொம்பு ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியும். தெருவுல தேவதையே நடந்து போனாலும் நிமிந்து பாக்க மாட்டாரு, அவ பின்னாடி ஆடு வந்தா ஆட்டப் பாப்பாரு. இத்தன வருஷத்துல இவரு எங்க போனாரு, யாரோட இருந்தாருன்னு நான் ஒரு நாள் யோசிச்சதில்ல. மோந்து பாத்தாலே தெரிஞ்சிரும். கறி வேகாம அழுதிருக்கேன். வேற எதுக்கும் இந்த மனுஷன் என்னை அழ வச்சதில்ல. புடிச்சா பாருங்க, இல்லன்னா விடுங்க."

ஹாஜி மெக்கி தேநீர்க் குவளையின் அடிப்பக்கத்தை ஆராய ஆரம்பித்தார். லல்லா ஷமா தன் புருஷனை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"பொண்ணு எங்களுக்கு வேணும்," என்றாள். கௌதர் பக்கம் திரும்பினாள். "ஆனா ஒண்ணும்மா. இவன் அவங்கப்பனுக்குப் பொறந்தவன். நான் கண்கொத்திப் பாம்பாத்தான் வளத்திருக்கேன். அப்பறமும் எங்கயாவது கண்ணு போச்சுன்னா, முதல்ல எங்கிட்ட வா. நான் அதெல்லாம் பட்டவ. அழுதுகிட்டு ஒக்காந்திருக்காத."

கௌதர் எழுந்து போய் அவள் கையை முத்தமிட்டாள்.

"ம், கையேந்துங்க," என்றாள் லல்லா ஷமா. "சம்பந்தி, மொதல்ல கையில இருக்கிறத கீழ வையுங்க."

தாமி ஆட்டுத்தலையைத் தரையில் வைத்தார். கரியும் கொப்புளமுமாக இருந்த இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து ஏந்தினார். ஓதி முடியும்வரை மகளின் முகத்தைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. நடுவில் ஒரு பூனை வந்து கொம்பை முகர்ந்தது. அதைக் காலால் தள்ளிவிட்டவள் பத்தூல்தான்.